நட்சத்திர விடுதியின் ஃபைன் டைனிங் உணவகத்தில் வேலைக்குச் சேர்கிறேன்: முதல் மாதத்தில் எதில் கவனம் செலுத்த வேண்டும்?

வைப்பாற்றங்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். மதுரையில் மூன்றாண்டு கேட்டரிங் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, நான்குவழிச் சாலையோரம் உள்ள ஒரு குடும்ப உணவகத்தில் பதினான்கு மாதங்கள் சர்வராகவும், கூட்டம் குறைந்த வேளைகளில் பில் கவுண்டரிலும் வேலை பார்த்தேன். வரும் திங்கட்கிழமை சென்னையில் ஓர் ஐந்து நட்சத்திர விடுதியின் ஃபைன் டைனிங் உணவகத்தில் ஜூனியர் ஸ்டூவர்டாக, அதாவது பரிமாறுபவராக, சேர இருக்கிறேன். மொத்தம் 60 இருக்கைகள். மதியமும் இரவும் திறந்திருக்கும்.

நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் இரண்டே கேள்விகள் கேட்டார்கள். மூன்றாவதாக, தண்ணீர் நிரம்பிய ஆறு கண்ணாடிக் கோப்பைகளை ஒரு வட்டத் தட்டில் வைத்து, இடக்கையில் ஏந்தி அறையை ஒரு சுற்று சுற்றிவரச் சொன்னார்கள். என் தந்தை இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்யாணப் பந்திகளில் பரிமாறுபவர். பள்ளி விடுமுறை நாட்களில் அவரோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய பழக்கம்தான் அன்று கைகொடுத்தது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் உள்ளூர அச்சமாக இருக்கிறது. நான் மது அருந்தியதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அப்படிப்பட்டவன் வைன் பாட்டிலைத் திறந்து, அதைப் பற்றி விருந்தினரிடம் எப்படிப் பேச முடியும்? ஆங்கிலத்தை எழுதப் படிக்கத் தெரிந்தாலும், வெளிநாட்டினர் வேகமாகப் பேசும்போது பாதிதான் புரிகிறது. முள்கரண்டிகளின் வரிசையையும் பிரெஞ்சுப் பெயர்களையும் இரவெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். முதல் மாதத்திற்குள் உண்மையில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். சம்பளம், டிப்ஸ், 'பிரேக் ஷிஃப்ட்' ஆகியவை பற்றியும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய கேப்டன்:

தம்பிக்கு வாழ்த்துகள். டிரெய்னியாகச் சேர்ந்து ஸ்டூவர்ட், கேப்டன், மேலாளர் என்று இருபத்திரண்டு ஆண்டுகள் இதே வேலையில் கழித்தவன் நான். நீங்கள் கவலைப்படும் மூன்றும் முதல் மாதத்தில் உங்களைக் கவிழ்க்கப்போவதில்லை. புதிய பையனிடம் எந்தக் கேப்டனும் வைன் பாட்டிலைக் கொடுத்து விருந்தினர் முன் நிறுத்த மாட்டார். உங்களைக் கவிழ்க்கக்கூடியவை வேறு.

முதலாவது, கதவு திறப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம். 'மீஸ் ஆன் ப்ளாஸ்' (எல்லாவற்றையும் முன்கூட்டியே அதனதன் இடத்தில் தயாராக வைப்பது) என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். அந்தச் சொல்லின் முழுப் பொருளும் அங்கேதான் விளங்கும். வெந்நீரில் சிறிது வினிகர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, நூற்றுக்கணக்கான கத்திகளையும் கரண்டிகளையும் விரல் தடம் இல்லாமல் துடைக்க வேண்டும். கண்ணாடிக் கோப்பையை வெந்நீர் ஆவியில் காட்டி, நூல் உதிராத துணியால் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். அதில் ஒரு மங்கல் இருந்தால் விருந்தினர் எதுவும் சொல்லாமல் போய்விடலாம்; மேலாளர் பார்க்காமல் விடமாட்டார். பரிமாறும் பொருட்களை வைத்திருக்கும் அலமாரியான சைட் ஸ்டேஷனில் எந்த இழுப்பறையில் எது இருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் கைக்குத் தெரிய வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு எல்லா மேசைகளும் நிரம்பியிருக்கும்போது சூப் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தால், உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, இருக்கை எண். உங்கள் பழைய உணவகத்தில் மேசை எண் மட்டும் போதுமானதாக இருந்திருக்கும். இங்கே ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு நாற்காலிக்கும் எண் உண்டு. வாயிற்கதவு போன்ற ஏதாவது ஓர் அடையாளத்திலிருந்து தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசையில் எண்ணிக்கொண்டு போவார்கள். எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுப்பவர், சமையலறைக்கு அனுப்பும் ஆர்டர் சீட்டான கே.ஓ.டி.யில் அந்த எண்ணோடு எழுதியிருப்பார். தட்டை எடுத்துச் செல்பவர் வேறொருவராக இருந்தாலும் நேராக உரியவர் முன் வைத்துவிடலாம். நான்கு தட்டுகளை ஏந்திக்கொண்டு மேசையருகே நின்று "மீன் யாருக்கு, கோழி யாருக்கு" என்று கேட்பதை நாங்கள் 'ஏலம் விடுவது' என்று சொல்வோம். ஃபைன் டைனிங்கில் அதைவிட அசிங்கமான காட்சி இல்லை என்பது என் கருத்து. விலையுயர்ந்த உணவகங்களிலேயே இதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன்.

முள்கரண்டிகளைப் பற்றி அச்சமே வேண்டாம். வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்ற ஒரு விதி தெரிந்தால், பட்டியலைப் பார்த்து நீங்களே மேசையை அடுக்கிவிடலாம். பெரிய தட்டிலிருந்து எடுத்துப் பரிமாறுவது இடப்புறமிருந்து. சமையலறையிலேயே அலங்கரித்து வரும் தட்டை வைப்பது, பானம் ஊற்றுவது, காலித் தட்டை எடுப்பது ஆகியவை வலப்புறமிருந்து. இதுதான் பரவலான வழக்கம். விடுதிக்கு விடுதி சிறு மாற்றம் இருக்கும். அவர்கள் சொல்வதே உங்களுக்குச் சட்டம். இலையின் நுனி உண்பவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், உப்பு எந்த மூலையில், பொரியல் எங்கே என்பதெல்லாம் பந்தியில் வளர்ந்த உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலைக்கு ஒழுங்கு இருப்பதைப் போலத் தட்டுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் பந்தியில் வரிசை முழுவதற்கும் ஒரே வேகம். இங்கே ஒவ்வொரு மேசைக்கும் தனி வேகம். அந்த ஒரு பழக்கத்தைத்தான் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இலையில் கூட்டு தீர்ந்ததும் கேட்காமலே வைப்பது உபசாரம். இங்கே ஒருவர் சாப்பிட்டு முடித்ததும் அவர் தட்டை மட்டும் எடுத்துவிட்டால், மெதுவாகச் சாப்பிடும் மற்றவரை விரட்டுவதாகிவிடும். பொதுவாக, மேசையில் அனைவரும் முடித்த பிறகே எடுப்பார்கள்.

வைனைப் பற்றி நீங்கள் கேட்டதற்காகச் சொல்கிறேன். குடித்துப் பார்க்காமலே இதில் முக்கால்வாசியைக் கற்கலாம். பாட்டிலைத் திறப்பதற்கு முன் லேபிளை ஆர்டர் கொடுத்தவருக்குக் காட்ட வேண்டும். ஏனென்றால் பெயரோ ஆண்டோ மாறியிருந்தால் திறந்த பிறகு இழப்பு விடுதிக்குத்தான். கழுத்தில் உள்ள உறையை விளிம்பின் கீழ்ப்பகுதியில் வெட்டி, கார்க்கைச் சத்தமில்லாமல் எடுத்து, அவருக்கு மட்டும் ஒரு வாய் அளவு ஊற்ற வேண்டும். அவர் சுவைப்பது பிடித்திருக்கிறதா என்று சொல்வதற்காக அன்று, வைன் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அவர் தலையசைத்த பிறகு பெண்களுக்கு முதலில், அவருக்குக் கடைசியில். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பைகள் கிடைக்கும் என்பதை நினைவில் வைத்தால், ஆறு பேர் மேசையில் அளவைக் குறைத்து ஊற்றுவீர்கள்; கடைசி ஆளுக்கு இல்லாமல் போகாது. சிவப்பு வைனை 'அறை வெப்பநிலையில்' கொடுக்க வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். அது ஐரோப்பாவின் குளிர்ந்த வீட்டு அறை, ஏறக்குறைய 15 முதல் 18 டிகிரி. மே மாதச் சென்னையில் ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து வந்த பாட்டிலை அப்படியே ஊற்றினால் அது கஷாயம். வெள்ளை வைன் 8 முதல் 12 டிகிரி.

இன்னொன்று: தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இளையவராகத் தோன்றினால் நீங்களாக முடிவெடுக்காமல் கேப்டனிடம் சொல்லிவிடுங்கள். திருவள்ளுவர் நாள், வடலூர் இராமலிங்கர் நினைவு நாள், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் மது விற்பனை கிடையாது என்பதை வெளியூர் விருந்தினரிடம் முகம் கோணாமல் சொல்லவும் பழக வேண்டும்.

ஆங்கிலத்திற்கு ஒரே வழிதான். புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். ஆர்டரை ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது எல்லா நல்ல உணவகங்களிலும் உள்ள நடைமுறை; அதை உங்கள் கேடயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அடுப்பு:

கேப்டன் ஐயா ஹாலைப் பற்றி எழுதிவிட்டார். சமையலறைப் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். ஒரு விடுதியில் கமி-2 (இளநிலைச் சமையல்காரர்) நிலையில் இருக்கிறேன். எங்களுக்கும் ஸ்டூவர்டுகளுக்கும் இடையே உள்ள அந்த எஃகு மேசைதான் என் உலகம்.

முதல் மாதத்தில் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது பிரெஞ்சுப் பெயர்களை அன்று. ஒவ்வொரு பதார்த்தத்திலும் என்னென்ன சேர்கிறது என்பதை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கோதுமை ஒவ்வாமை உள்ள பெண்மணி ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். ரொட்டியும் பாஸ்தாவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, சைவப் பட்டியலில் இருந்த, நம் ஊர் ரசத்தை வைத்துச் செய்த ஒரு சூப்பைக் காட்டி, இதில் கோதுமை இருக்கிறதா என்று கேட்டார். புதிதாக வந்திருந்த ஸ்டூவர்ட், ரசத்தில் கோதுமை எங்கிருந்து வரும் என்று எண்ணி, இல்லை என்று சொல்லிவிட்டான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சூப் கிண்ணம் மேசைக்குப் புறப்படும் நேரத்தில் எங்கள் சூ-ஷெஃப் (தலைமைச் சமையல்காரருக்கு அடுத்தவர்) தற்செயலாக அந்தக் கே.ஓ.டி.யைப் பார்த்துத் தடுத்துவிட்டார். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டான்.

சென்னையில் இது இன்னும் நுட்பமானது. இங்கே கண்டிப்பான சைவர்கள் அதிகம். அசலான பார்மசான் பாலாடைக்கட்டியைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டு உறையவைக்கிறார்கள். வூஸ்டர்ஷயர் சாஸ் வகைகள் பலவற்றில் நெத்திலி போன்ற சிறு மீன் சேர்கிறது. பன்னகோட்டா என்ற இத்தாலிய இனிப்பைக் கெட்டிப்படுத்தும் ஜெலட்டினும் விலங்கிலிருந்து வருவது. சௌகார்பேட்டையிலிருந்து வரும் ஜைனக் குடும்பங்கள் வெங்காயம், பூண்டு மட்டுமல்லாமல் உருளைக்கிழங்கு, காரட் போன்ற மண்ணுக்கடியில் விளையும் எதையும் தவிர்ப்பார்கள். சிலர் சூரியன் மறைந்த பிறகு உண்பதில்லை என்பதால் மாலை ஐந்தரைக்கே முன்பதிவு செய்வார்கள். இவற்றில் எதைக் கேட்டாலும், "சமையலறையில் கேட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே எங்களிடம் வந்து கேளுங்கள். நாங்கள் கூட்ட நேரத்தில் எரிந்து விழுவோம்; அதைப் பொருட்படுத்த வேண்டாம். கேட்காமல் போனால்தான் எங்களுக்கு உண்மையான கோபம் வரும்.

தட்டு தயாராகி மணி அடித்த பிறகு அதை நிற்கவைக்காதீர்கள். சாஸின் மேல் ஆடை படியும், வறுத்த மீனின் மொறுமொறுப்புப் போய்விடும்; நாங்கள் நாற்பது நிமிடம் செய்தது இரண்டு நிமிடத்தில் வீணாகும். இது நான் வழக்கமாகப் புலம்பும் புலம்பல், மன்னிக்கவும்.

ஆலந்தூர்வாசி:

காலணியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தேர்வின்போது கொடுக்கும் பட்டியலில் 'கருப்பு லெதர் ஷூ' என்றுதான் இருக்கும். அழகைப் பார்த்து வழுக்கும் அடிப்பாகம் கொண்டதை வாங்கிவிடாதீர்கள். சமையலறை வாயிலில் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கும். மெத்தையான உள்தகடு, வியர்வையை உறிஞ்சும் கருப்பு சாக்ஸ் நான்கு ஜோடி, லாக்கரில் ஒரு மாற்றுச் சட்டை. பத்து மணி நேரம் நின்ற பிறகு கெண்டைக்கால் கல்லாகிவிடும். அறைக்கு வந்ததும் கால்களைச் சுவரில் உயர்த்திக் கால் மணி நேரம் படுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் ஷிஃப்ட் என்றால் காலை பதினொன்று முதல் மூன்றரை வரை, மீண்டும் ஆறரை முதல் கடைசி மேசை எழும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள மூன்று மணி நேரத்தில் தாம்பரம் போய்த் திரும்ப முடியாது. அதனால் வாடகை ஆயிரம், இரண்டாயிரம் கூடினாலும் விடுதிக்கு நடந்துபோகும் தொலைவில், நான்கைந்து பேர் சேர்ந்து அறை எடுங்கள். நள்ளிரவு தாண்டினால் மின்சார ரயிலையும் நம்ப முடியாது. விடுதி வண்டி எந்தப் பக்கம் போகிறது, ஆண் ஊழியர்களுக்கும் உண்டா என்பதைச் சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

சம்பளச் சீட்டு:

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் விடுதிகளின் கணக்குப் பிரிவில் இருப்பவன். நியமனக் கடிதத்தில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பும் தொகையைத் திட்டமிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டின் மீதும் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் பிடிப்பார்கள். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களே என்று வருந்தாமல் அட்டையைக் கேட்டு வாங்கி, ஊரில் உள்ள பெற்றோரையும் தகுதி இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள். பலர் பல ஆண்டுகளாகப் பணம் கட்டிக்கொண்டே அட்டை இல்லாமல் இருக்கிறார்கள்.

டிப்ஸ் விஷயத்தில் விடுதிக்கு விடுதி முறை வேறு. சில இடங்களில் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, பதவிக்கேற்ப புள்ளி வைத்துப் பிரிப்பார்கள். பாத்திரம் கழுவுபவருக்கும் பங்கு போகும். சில இடங்களில் வாங்கியவருக்கே. நான் முன்பு இருந்த ஓரிடத்தில் பெட்டியில் எவ்வளவு விழுந்தது என்பதை ஊழியருக்குக் காட்டவே மாட்டார்கள். அட்டையில் வந்த டிப்ஸ் மூன்று மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. பிரிக்கும் முறை எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை, ஆனால் முதல் வாரத்திலேயே கேட்காதீர்கள்.

சேவைக் கட்டணம் வேறு, டிப்ஸ் வேறு. சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தது. எனவே விருந்தினர் அதைப் பற்றிக் கேட்டால் வாதாடாதீர்கள், மேலாளரை அழையுங்கள். அதேபோல், வெளியே 5 சதவீத ஜி.எஸ்.டி.தானே, இங்கே ஏன் 18 என்றும் கேட்பார்கள். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களுக்கு 18 சதவீதம் என்பதுதான் விடை. மதுவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, மாநிலத்தின் வாட் வரி. ஆகவே அது பில்லில் தனியாக நிற்கும். பழைய வேலையில் பில் கவுண்டரில் இருந்திருக்கிறீர்கள் அல்லவா, இது உங்களுக்கு எளிதாக வரும்.

வைப்பாற்றங்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வேலையில் சேர்ந்து பதினொரு நாட்கள் ஆகின்றன. கேப்டன் ஐயா சொன்னதுபோலவே இதுவரை என்னை யாரும் வைன் பக்கம் விடவில்லை. கத்தியும் கரண்டியும் துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, ரொட்டி வைப்பது, காலித் தட்டுகளை எடுப்பது ஆகியவைதான் வேலை. இருக்கை எண் எங்கள் உணவகத்தில் ஜன்னல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. முதல் மூன்று நாட்கள் அறையில் வந்து நோட்டில் எல்லா மேசைகளையும் வரைந்து பார்த்தேன். பெருங்காயத்தைப் பற்றி எங்கள் சமையலறையில் கேட்டேன். அவர்கள் மாவு கலக்காத கட்டிப் பெருங்காயம் வாங்குவதாகச் சொல்லிவிட்டு, ஏன் கேட்டாய் என்று வியப்போடு பார்த்தார்கள்.

நேற்று இரவு ஒரு தவறு நடந்துவிட்டது. பார் கவுண்டர் அருகே துடைத்துக்கொண்டிருந்த ஒரு கோப்பை கைநழுவி உடைந்தது. பதற்றத்தில் துண்டுகளை விரைவாகக் கூட்டி அள்ளிவிட்டு, உடைந்த பொருள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஆனால் கேப்டன் அதற்காகத் திட்டவில்லை. பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டியைச் சுட்டிக்காட்டிக் கடுமையாகப் பேசினார். ஏன் என்று கேட்க அப்போது துணிவு வரவில்லை.

பழைய கேப்டன்:

அவர் திட்டியது முற்றிலும் சரி, தம்பி. ஐஸுக்குள் விழுந்த கண்ணாடித் துண்டு கண்ணுக்குத் தெரியாது. அந்த ஐஸ் அடுத்த ஐந்து நிமிடத்தில் யாரோ ஒருவரின் எலுமிச்சைச் சாற்றுக்குப் போயிருக்கும். பெட்டிக்கு அருகில் கண்ணாடி உடைந்தால், உள்ளே விழுந்ததா இல்லையா என்று ஆராயவே கூடாது. உடனே எல்லோரிடமும் உரக்கச் சொல்லி, பெட்டியை யாரும் தொடாமல் நிறுத்த வேண்டும். பிறகு வெந்நீர் ஊற்றி ஐஸ் முழுவதையும் உருக்கி, தண்ணீர் வடிந்ததும் அடியில் தங்கியிருப்பதைக் கையுறையணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுத்து, ஒருமுறை கழுவி, புதிய ஐஸ் நிரப்ப வேண்டும். வெறுங்கையால் துழாவாதீர்கள். இன்று பணிக்குப் போனதும் பணிக்கு முந்தைய கூட்டமான பிரீஃபிங் தொடங்குவதற்கு முன் அவரிடம் சென்று, நேற்று அந்தப் பெட்டியை யார் காலி செய்தார்கள் என்று கேட்டு, அப்படிச் செய்தவருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.